பைபாஸ் முடிந்து ஏழு வாரம்: காவடி எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63, சர்க்கரை உண்டு. டிசம்பரில் இதய பைபாஸ் அறுவை ஆனது. தைப்பூசத்தன்று ஏழு வாரம் முடிந்திருக்கும். கோர் டெ கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். "அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே" என்கிறார். ஒரு கால் வீங்கியிருக்கிறது. சில நாள் காரணமில்லாமல் அழுகிறார். (வாசகி, காத்ர் போர்ன், மொரிஷியஸ்)

பதில்: அப்பா நினைப்பது போல அடைப்பை யாரும் எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மார்புக்குள்ளிருந்து ஒரு தமனியையும், பெரும்பாலும் காலிலிருந்து சிரையையும் எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் போக மாற்றுவழி போட்டிருக்கிறார்கள். அந்த மார்புத் தமனி பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரைகளோ அதற்குள் ஏறக்குறையப் பாதி அடைத்துவிடும். ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஆயுள் முழுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

காவடி இந்த ஆண்டு வேண்டாம். இதயத்தைவிட எனக்குக் கவலை எலும்பு. நெஞ்செலும்பை நெடுக அறுத்து, எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது உறுதியாகக் கூட 12 வாரம் வரை ஆகும். சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதிக்கலாம். தோளில் பாரம் ஏற்றி, கையை உயர்த்திப் பிடித்து மலைப்படி ஏறினால் எலும்பு விலகலாம். உள்ளே சீழ் வைத்தால் மறுபடி அறுவை. அலகு குத்துவது அடுத்த ஆண்டுகூட யோசிக்க வேண்டியது: ஆஸ்பிரினோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறவருக்கு இரத்தம் எளிதில் நிற்காது. கோடை வெயிலில் தார்ரோட்டில் வெறுங்கால் நடையும் கூடாது. மரத்துப்போன சர்க்கரைக் காலுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது.

வீட்டில் வேறொருவர் காவடி எடுக்கட்டும், அப்பா காரில் அடிவாரம் வரை வரட்டும். முருகன் ஓராண்டு பொறுக்கமாட்டானா என்ன?

மரக்கறி விரதம் தாராளமாக இருக்கலாம், எண்ணெய்ப் பலகாரம் சேராத வரை. பட்டினி வேறு விஷயம். இன்சுலினோ கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். மருந்தளவை முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

சிரை எடுத்த கால் சில வாரம் வீங்குவது வழக்கம். உட்காரும்போது உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஆடுசதை வலித்து, சிவந்து சூடாக இருந்தால் அன்றே காட்டுங்கள்.

அழுகையை "வயசாச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். பைபாஸ் ஆனவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு வருகிறது. தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை வேண்டும். தினமும் காலைக் குளிர்ச்சியில் சமதளத்தில் நடக்கட்டும். அரைமணி நேரம் வரை மெல்லக் கூட்டலாம். கூட நீங்களும் போங்கள், பேச்சுத்துணை கிடைக்கும்.

காய்ச்சல், தையலில் நீர் கசிவு, இருமும்போது நெஞ்செலும்பு 'டக்' என்று நகர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கு அன்றே போங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பூசை நடுவிலும் காத்திருக்க வேண்டாம். சாமு (SAMU) அவசர மருத்துவ சேவையை 114-இல் அழையுங்கள்.