களை எடுப்பது யார் வேலை? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது மகள் குடும்பத்தோடு குன்னூரில் இருக்கிறேன். செடிகொடி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். மலையில் ஒரு பூங்காவில் சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். கையுறை கொடுத்து, பாத்தியில் களை எடுக்கச் சொன்னார்கள். பக்கத்துப் பாத்தியில் அங்கே தினக்கூலிக்கு வேலை பார்க்கிற அம்மா ஒருவர் இருந்தார். பேச்சுவாக்கில், “நீங்கள்லாம் சும்மா செஞ்சு குடுத்தா எங்களுக்கு எதுக்கும்மா கூலி தருவாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் நான் போகவும் இல்லை.

“பூங்காவில் ஆள் பற்றாக்குறை. நீங்கள் செய்யாவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை” என்கிறாள் மகள். நான் செய்தது சேவையா, இன்னொருவர் பிழைப்பில் கை வைத்ததா? எனக்கு முட்டி வலியும் உண்டு, ரொம்ப நேரம் குத்தவைத்து உட்கார முடியாது. போகலாமா, விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குன்னூர்)

அன்புள்ள டீச்சருக்கு,

போங்கள். ஆனால் களை எடுக்கப் போகாதீர்கள்.

அந்த அம்மா சொன்னது சரி. நம் மலைப் பூங்காக்களில் பாத்தி கட்டுவது, நாற்று நடுவது, கவாத்து செய்வது எல்லாம் தினக்கூலிக்கும் தற்காலிகமாகவும் வேலை பார்க்கிறவர்களின் கையை நம்பித்தான் நடக்கிறது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஊட்டியில் போராடிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படி இருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பென்ஷன் வாங்குகிற நாம் அதே வேலையைக் காசில்லாமல் செய்தால், காலியிடத்தை நிரப்பாமல் தள்ளிப்போட அதுவே ஒரு காரணமாகிவிடும். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கு எழுதுகிற இடத்தில் தெரிவது வேலை முடிந்துவிட்டது என்பது மட்டும்தான்.

மகள் சொல்வதும் உண்மைதான். ஆள் பற்றாக்குறை இருக்கிறது. அதற்கு ஆள் போடச் சொல்லிக் கேட்பதுதான் முறை. ஊர்க்காரராக நீங்கள் மனு எழுதலாம், உங்களைப் போன்றவர்கள் பத்துப் பேரிடம் கையெழுத்தும் வாங்கலாம். களைக்கொத்தை எடுப்பதைவிட அந்த அம்மாவுக்கு அதுதான் உதவி.

களை எடுப்பது யாருக்கும் வருகிற வேலை என்று நினைத்துத்தான் புதிதாக வருகிறவர்களை அங்கே உட்கார வைக்கிறார்கள். அந்த நினைப்பே தவறு. பனிக்காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு ஒருநாள் காலையிலேயே போய்ப் பாருங்கள். உறைபனி விழுந்தால் இளஞ்செடிகள் ஒரே ராத்திரியில் கருகிவிடும். அதனால் கோத்தகிரி மிலார் என்கிற புதர்ச்செடியை வெட்டிவந்து பாத்திகளை மூடி வைக்கிறார்கள். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் புல்வெளிப் பனியைக் கரைத்துவிட வேண்டும். மிலாரை எவ்வளவு நெருக்கமாக வைத்தால் பனியும் தடுபடும், செடிக்கு வெளிச்சமும் போகும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். மே மாத மலர்க் கண்காட்சியில் மாடம் மாடமாக அடுக்கிய தொட்டிகளைப் பார்த்து நாம் பூரிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தப் பனிக்காலக் காலைகள் இருக்கின்றன. 1896-இல் தொடங்கிய கண்காட்சி அது. அதை நடத்தித் தருகிற கைகளுக்கு முதலில் சம்பளம் ஒழுங்காகப் போகட்டும்.

சரி, அப்படியானால் உங்களுக்கு என்ன வேலை? கூலி கொடுத்துச் செய்ய ஆளில்லாமல் கிடக்கிற வேலை நிறைய இருக்கிறது. மரங்களை விடாமல் கவனிப்பது, கவனித்ததை எழுதி வைப்பது, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது.

உங்கள் ஊர் சிம்ஸ் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1874-இல் உருவான பூங்கா. அங்கே ருத்ராட்ச மரம் இருக்கிறது. காய் விழுகிற பருவத்தில் அடியில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். பொறுக்குவார்கள், ஒருமுகம் கிடைக்குமா என்று தேடுவார்கள், அப்புறம் போய்விடுவார்கள். கீழே விழுந்த பழம் ஒன்றை நீங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று அப்படி ஒரு நீலம். ஆனால் அந்தப் பழத்தில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. தோலுக்குள் மிக நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் ஓங்கித் தெரிகிறது. மயிலிறகின் நிறமும் இந்த வகைதான். தோலை உரித்துவிட்டால் உள்ளே சதையில் அந்த நீலம் இருக்காது.

சதையையும் நீக்கினால் முண்டும் முடிச்சுமாகக் கொட்டை. மேலிருந்து கீழே ஓடுகிற கோடுகளை எண்ணித்தான் இத்தனை முகம் என்கிறோம். பூவின் சூலகத்தில் எத்தனை அறைகள் இருந்தனவோ அத்தனை முகம். பெரும்பாலும் ஐந்து. நீங்கள் கணக்கு டீச்சர். சுற்றுலா வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு கை கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். நாலுமுகம் எத்தனை, ஐந்து எத்தனை, ஆறு எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டு வரட்டும். கடைத்தெருவில் ஐந்துமுகம் ஏன் மலிவு, மற்றதெல்லாம் ஏன் விலை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். இதே பேரினத்து மரங்கள் நம் சோலைக்காடுகளிலேயே இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். இமயமலைக்கும் நேபாளத்துக்கும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பெரிய செய்தி.

இதைச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. பணியாளர்களுக்கு நேரம் இல்லை, அதிகாரிகளுக்கு வேறு ஆயிரம் வேலை. லண்டன் கியூ தோட்டத்தில் பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டுவதே தன்னார்வலர்கள்தான். ஊட்டித் தோட்டத்தை வடிவமைக்க 1848-இல் வந்த மெக்ஐவர் அந்தக் கியூவிலிருந்து வந்தவர். அவருக்கு முன்னால், ஊரிலிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, காய்கறிக்காக ஒரு தோட்டம் வைத்திருந்தார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே அந்தச் சரிவில் தோடர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மந்து, அதாவது குடியிருப்பு, இன்றும் பூங்காவுக்கு மேலே இருக்கிறது. சுற்றிக் காட்டுகிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூங்கா வெள்ளைக்காரன் கொடுத்த கொடை என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை பஸ் ஏறக்கூடாது.

ஊட்டியில் காகிதப் பட்டை மரம் ஒன்று உண்டு. பட்டை பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உரியும், தொட்டால் மெத்தென்று இருக்கும். அது போதும், ஆளாளுக்கு ஒரு பிய்ப்பு, கூடவே காதலர் பெயர்கள். தடுப்புக் கம்பி போட்டால் கம்பியைத் தாண்டிக் கை நீட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று, காட்டுத் தீயிலிருந்து மரத்தைக் காக்கிற பட்டை இது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் நீட்டிய கை தானாக இறங்கும்.

இன்னொரு வேலை, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, குறிப்பு எழுதுவது. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது யாரோ விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் நமக்குத் தெரியும். 2006, 2018, இனி 2030 என்று இன்று சொல்ல முடிகிறது. மற்ற மரங்களுக்கு அப்படி யார் பார்க்கிறார்கள்? ரோடோடென்ட்ரான் என்கிறார்களே, மலையின் அந்தக் காட்டுப் பூவரசு இந்த வருடம் எந்த வாரம் பூத்தது, போன வருடம் எந்த வாரம்? மழை மாறுகிறது, பனி மாறுகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். மரம் என்ன சொல்கிறது என்று எழுதிவைத்த நோட்டு ஒன்றுகூட நம் வீடுகளில் இல்லை. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, துளிர், பூ, காய் மூன்றையும் வாராவாரம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே செய்கிறார்கள். குத்தவைக்க வேண்டியதில்லை, நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். முட்டி வலிக்கு ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள்.

இப்படிப் பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு வட்டக்கானலைச் சொல்வேன். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து தங்கி, சோலை மர நாற்றுகளை வளர்த்தார்கள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்களை மொத்தமாக வெட்டித் தள்ளினால்தான் சோலை திரும்பும் என்று பலரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து எழுவதை அவர்கள் கவனித்துச் சொன்னார்கள். வருடக்கணக்காக ஒரே சரிவைச் சுற்றிவந்ததால் கண்ணில் பட்ட விஷயம் அது.

வெளியிலிருந்து மலைக்கு வந்த செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்ஐவர் காலத்தில் சிங்கோனா மரம் வந்தது மலேரியாவுக்கு மருந்தாக. ஆனால் அழகுக்கு என்று கொண்டுவந்த பல செடிகள் வேலி தாண்டிப் போய், இன்று மலையின் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கின்றன. லன்டானா என்கிற உண்ணிச்செடி உலகம் முழுக்கப் பரவியதும் அலங்காரச் செடியாகத்தான். அதனால் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுச் செடியை ஆசையாகப் பூங்காவுக்குக் கொண்டு போகாதீர்கள், அங்கிருந்து விதையை எடுத்து வீட்டுக்கும் கொண்டு வராதீர்கள்.

பெயர்ப்பலகை வைக்க உங்களைக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்கள். தமிழ்ப் பெயரும் இருக்கட்டும் என்று கேளுங்கள். ஆணி மட்டும் அடிக்க விடாதீர்கள். மரம் பருக்கும்போது பட்டை ஆணியையும் பலகையையும் சேர்த்து விழுங்கிவிடும். ஸ்பிரிங் கம்பியில் தொங்கவிட்டால் அடிமரத்தோடு சேர்ந்து அதுவும் விரியும். இல்லையென்றால் தரையில் ஒரு குச்சி நட்டு அதில் பலகையை மாட்டலாம்.

தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள். “களை, நடவு, கவாத்து வேண்டாம், வழிகாட்டுவது, குறிப்பெடுப்பது, பெயர்ப்பலகை இவற்றைச் செய்கிறேன்” என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் மட்டும் போய் நிற்காமல், மழையிலும் பனியிலும் அதே கிழமையில் போங்கள். குறிப்புக்கு அதுதான் உயிர். எந்த மரத்தில் தொடங்குவது என்று அந்த அம்மாவையே கேளுங்கள். எது எப்போது துளிர்க்கும், எதில் பறவை வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அவர் சொன்னதை எழுதும்போது, சொன்னவர் அவர் என்று பெயரோடு எழுதுங்கள். நோட்டின் நகல் ஒன்று வருடா வருடம் பூங்கா அலுவலகத்துக்குப் போகட்டும்.

அன்புடன்.