பிஎல்சிக்கு (ஆலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்) பாஸ்வேர்டு போட்டால் யாரும் புரோகிராமை மாற்ற முடியாதா?

போடுங்கள், கட்டாயம் போடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல பிஎல்சிகளில் படிக்க, எழுத என்று தனித்தனிப் பாதுகாப்பு நிலை உண்டு. குறைந்தது எழுதுவதையாவது பூட்டுங்கள், ஆபரேட்டர் திரையிலும் அலாரம் பார்ப்பவருக்கு ஒன்று, செட்பாயின்ட் (இயந்திரம் எட்ட வேண்டிய அளவு) மாற்றுபவருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். எல்லா ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் பேனல் கதவில் எழுதி ஒட்டுவது என்றால் போடாமலே இருக்கலாம்.

இன்னொன்று, மோட்பஸ் டிசிபி போன்ற, கருவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் பழைய நெறிமுறைகளில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. புரோகிராம் பூட்டியிருந்தாலும், நெட்வொர்க்கில் நுழைந்தவர் ரெஜிஸ்டரில் (பிஎல்சி மதிப்புகளை வைக்கும் நினைவிடம்) நேராக மதிப்பை எழுதிவிடலாம். அதனால் கன்ட்ரோல் நெட்வொர்க்கை ஃபயர்வால் வைத்துத் தனியாகப் பிரிப்பதைத்தான் முதல் வேலை என்பேன்.

அப்புறம் சாவி. கன்ட்ரோலரில் சாவி சுவிட்ச் இருந்தால் பொதுவாகப் புரோகிராமை மாற்ற விடாத ரன் நிலையில் வைத்துச் சாவியை உருவிவிடுங்கள். 2017-ல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள் ட்ரைட்டன் தீநிரல் புகுந்தபோது, சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது.

பாஸ்வேர்டு மறந்துபோனால்? பல மாடல்களில் மெமரியை அழித்துப் புரோகிராமை மறுபடி ஏற்றுவதுதான் வழி, ஆகவே புரோகிராமின் நகல் ஒன்று வெளியே பத்திரமாக இருக்கட்டும்.