பதநீரும் எண்ணெய் ஈஸ்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஈஸ்டைக் கொண்டு எண்ணெயும் கொழுப்பும் தயாரிக்கலாம் என்று படித்தேன். கள்ளைப் புளிக்க வைப்பதும் ஈஸ்ட்தானே? எங்கள் பக்கத்துப் பதநீரை அதற்குக் கொடுத்து எண்ணெய் எடுத்தால் பனைத்தொழில் மீளாதா?

ஒரு வாசகர், சாயல்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கள்ளின் ஈஸ்ட் வேறு, எண்ணெய் ஈஸ்ட் வேறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே தொற்றிக்கொள்ளும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாக்குமே தவிரத் தன் உடலில் கொழுப்பை அதிகம் சேர்ப்பதில்லை. யாரோவியா, லிப்போமைசிஸ், ரோடோடொருலா ஆகிய ஈஸ்ட் இனங்களில் சில, தம் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் சேர்க்கின்றன. சூழல் வாய்த்தால் 60 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. சர்க்கரை தாராளமாக இருந்து தழைச்சத்து மட்டும் தீர்ந்துபோகும்போதுதான் இது நடக்கிறது. புரதம் கட்ட வழியின்றிப் பெருக முடியாமல் நிற்கும் உயிரணு, உள்ளே வந்துகொண்டேயிருக்கும் சர்க்கரையைக் கொழுப்பாக்கி ஒதுக்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், பளபளக்கும் ஓர் உருண்டைத் துளி உயிரணுவை அடைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளியிருக்கும்.

இனி உங்கள் பதநீர்க் கணக்கு. ஒரு கிலோ எண்ணெய்க்கு நடைமுறையில் ஏறக்குறைய 5 கிலோ சர்க்கரை வேண்டும். வேதியியல் அனுமதிக்கும் உச்ச வரம்பிலும் 3 கிலோ போய்விடும். பதநீரில் லிட்டருக்கு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே சர்க்கரை இருப்பதால், 40, 50 லிட்டர் ஊற்றினால்தான் அந்த ஒரு கிலோ கிடைக்கும். அதையே காய்ச்சினால் 5 கிலோவை ஒட்டிக் கருப்பட்டி வரும். ஒரு கிலோ கருப்பட்டியே ஒரு கிலோ பாமாயிலைவிட விலை கூடியது. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவும் ஒருவரின் உழைப்பை இப்படிக் கரைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

எடுக்கும் எண்ணெய் விலை உயர்ந்ததாக இருந்தால் கணக்கு மாறும். சாளை மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பான இபிஏ-வை, யாரோவியாவுக்குள் வேற்று மரபணுக்களைப் புகுத்தி டூபான்ட் நிறுவனம் உற்பத்தி செய்தது. வளர்ப்பு சால்மன் மீனுக்கு அது தீவனமாயிற்று. மீன் எண்ணெயை மரக்கலத்துக்குப் பூசிப் பழகிய நம் கரைக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

சர்க்கரைக்கு நான் கை காட்டுவது சீமைக்கருவேலத்தை. விறகுக்கும் கரிக்கும் போகிற அந்த மரத்தின் சைலோஸ் சர்க்கரையை லிப்போமைசிஸும் ரோடோடொருலாவும் உண்ணும். ஆனால் மரத்தைச் சர்க்கரையாக உடைக்க அமிலமும் நொதியும் வேண்டும், செலவு அதிகம். ஆடுகள் விரும்பித் தின்னும் அதன் இனிப்பான காய் எளிது. காயை அப்படியே அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள புரதம் தழைச்சத்தாகி, ஈஸ்ட் எண்ணெய் சேர்க்காமல் பெருகிக்கொண்டே போகும். விதையை நீக்கி, தோலையும் சதையையும் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரில் தொடங்குவதே முறை.