75 சதவீதம் போக மீதி எவ்வளவு?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மகள் தங்கச்சிமடம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 98, இயற்பியல் 96, வேதியியல் 95. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. சென்னைப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்று மெரிட் ஸ்காலர்ஷிப்பாக 75 சதவீதம் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். இன்னும் தாராளமாகக் கொடுக்கும் கல்லூரி இருக்கிறதா? (பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்து. கணக்கு 98, மற்ற இரண்டிலும் பாதிப் பாதி 48, 47.5. கூட்டினால் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு 193.5. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் யாரிடமும் அவசரப்பட வேண்டியதில்லை. அவசரம் வந்தவருக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கிறது, கையில் நிவாரணப் பணம் தவிர வேறில்லை. ரிசல்ட் வருவதும் கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதும் இதே 61 நாளுக்குள்தான். அவர் இந்த நேரம் பார்த்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்த 75 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு கணக்குக்கு, வருடக் கட்டணம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை பெரும்பாலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். மீதி 1 லட்சம், விடுதியும் சாப்பாடும் ஒரு 1.20 லட்சம். நான்கு வருடத்துக்கு 8.80 லட்சம். இது எல்லாம் நல்லபடியாக நடந்தால். இரண்டாம் வருடம் சலுகை நின்றுபோனால் அதே படிப்பு 17.80 லட்சத்தில் போய் நிற்கும்.

சலுகை நின்றுபோகுமா என்கிறீர்களா? என் சொந்தக்காரப் பையனுக்கு நின்றது. கல்லூரிப் பெயர் வேண்டாம். முழுக் கட்டணச் சலுகையில் சேர்ந்தான். இரண்டாவது செமஸ்டரில் டெங்கு, ஒரு பேப்பர் அரியர். "அரியர் இல்லாமல் சராசரி 10க்கு 8.5க்கு மேல்" என்ற நிபந்தனை கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அடுத்த மாதமே அரியரை எழுதித் தேறிவிட்டான். சலுகை திரும்பி வரவில்லை. வீட்டு நகைதான் போனது.

உங்கள் ஊர்க்காரர்களிடம் கலாம் கதை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அக்கா சோஹரா நகையை அடகு வைத்து அவரைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே விமான வடிவமைப்பு வேலை தாமதமானபோது இயக்குநர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியதும் நடந்ததுதான். கலாம் ராப்பகலாக உட்கார்ந்து முடித்துவிட்டார். எல்லாப் பிள்ளையையும் அந்தக் கயிற்றில் நடக்கவிட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஆகவே "எந்தக் கல்லூரி அதிக ஸ்காலர்ஷிப் தரும்" என்பதை விட்டுவிட்டு, "நான்கு வருடத்தில் என் கையிலிருந்து எவ்வளவு போகும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லே இல்லாத இடங்கள் முன்னால் வந்து நிற்கும். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. டெக் ஆகிய அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்கள். மதுரை தியாகராஜர், கோவை பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. ஆகியவற்றின் அரசு உதவி பெறும் பிரிவுகள். (அதே கல்லூரிகளிலேயே சுயநிதிப் பிரிவும் உண்டு, கட்டணம் வேறு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவின் பெயரை முழுக்கப் படியுங்கள்.) பக்கத்தில் என்றால் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, உங்கள் மாவட்டத்திலேயே புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. இங்கெல்லாம் பெரிய செலவு விடுதிதான். 193.5க்கு முதல் சுற்றிலேயே அழைப்பு வரும். போன வருடம் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பது கல்லூரி வாரியாக, இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகக் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. மகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதோடு உங்கள் வீட்டில் இன்னொரு சொத்து இருக்கிறது: முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டுமே கல்விக் கட்டணத்தில் அது கழியும். வந்தவர் பேச்சைக் கேட்டு கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் உட்கார்ந்துவிட்டால் அது கிடையாது. அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை என்பதையும் நினைவில் வையுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்கு வராது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது. அப்படிப்பட்ட பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லிவிடுங்கள், கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. ஆறாவதிலிருந்தே தமிழ் வழி என்று பள்ளிச் சான்று வாங்கி வையுங்கள்.

மத்திய உதவியில் எனக்கு முதலில் தோன்றுவது பிரகதி. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பெண்களுக்கு வருடம் 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். மதிப்பெண் வரிசையில்தான் தேர்வு, அதனால் உறுதி என்று சொல்லமாட்டேன், வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இன்னொன்று, பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை: முதல் மூன்று வருடம் 12,000, நான்காம் வருடம் 20,000, வருமான வரம்பு 4.5 லட்சம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரம் புதுக் கல்லூரிப் பரபரப்பில் மறந்துவிடுவார்கள், நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

தனியாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஸ்.எஸ்.என். கல்லூரியில் மதிப்பெண்ணோடு குடும்ப நிலையையும் பார்த்துத் தரும் உதவி உண்டு, கிராமப்புற மாணவர்களுக்கும் தனியாக. வி.ஐ.டி. கிராமப்புற அரசுப் பள்ளியில் படித்து மாவட்டத்தில் முதலிடம் வரும் ஒரு மாணவர், ஒரு மாணவிக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாமே இலவசமாகத் தருகிறது. அமிர்தா, எஸ்.ஆர்.எம். போன்றவற்றில் அவர்களுடைய நுழைவுத் தேர்வு ரேங்க்தான் முக்கியம். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் அங்கே பெரிதாக உதவாது.

பிளஸ் ஒன் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு பற்றி இப்போதே காதில் போட்டு வையுங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. என்னைக் கேட்டால் இந்த நாட்டிலேயே தாராளமான சலுகை இதுதான், யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

இந்த உதவியெல்லாம் போகவும் பணம் குறைந்தால், மீன் கம்பெனிக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ கை நீட்டும் முன் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் வங்கிக் கடன் கேளுங்கள். பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் தருகிறார்கள்.

அவர் மறுபடி வந்தால் மூன்று விஷயத்தைக் கல்லூரி முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 75 சதவீதம் எந்தக் கட்டணத்தில்? நான்கு வருடமும் உண்டா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும்? ஒரிஜினல் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளவே விதியில் இடமில்லை. அவர் எழுதிக்கொண்டு வருவதற்குள் இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரி, வருமானம், சாதி மூன்று சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். நாள் பிடிக்கும், கலந்தாய்வுப் பதிவு முடியும்போது கையில் இல்லாமல் போகக் கூடாது.