வாசகர் கேள்வி: ஓட்டல் சிங்க்குக்கு டேங்க் இல்லாத கீசர் தாங்குமா?

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவ 16 லிட்டர் இன்ஸ்டன்ட் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். சேலத்தில் தம்பி கடையில் இதே கீசர் சுடச்சுடத் தண்ணீர் தருகிறது. இங்கே மார்கழிக் காலையில் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகவே மாட்டேன் என்கிறது. கீசரில் கோளாறா?
- மெஸ் உரிமையாளர், ஏற்காடு

பதில்: கீசரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் 16 லிட்டர், பொதுவாகத் தண்ணீரின் சூட்டை 25 டிகிரி கூட்டும்போது நிமிடத்துக்குக் கிடைக்கும் அளவு. இரண்டையும் பெருக்கினால் 400. எத்தனை டிகிரி கூட்ட வேண்டுமோ, அதால் 400-ஐ வகுத்துப் பாருங்கள். சேலத்தில் டேங்க் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். 60-க்கு ஏற்ற, நிமிடத்துக்கு 13 லிட்டர் கிடைக்கும். உங்களுக்கு 15 டிகிரியில் வந்தால் 45 கூட்ட வேண்டும். 9 லிட்டர்கூட வராது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று லேசாக இருப்பதால் பர்னரின் வலுவைக் குறைத்தே கணக்கிட வேண்டும். 400-க்குப் பதில் 340 என்று வையுங்கள். இரண்டு குழாயையும் முழுக்கத் திறந்து 12 லிட்டர் இழுத்தால் 28 டிகிரிதான் கூடும். 43 டிகிரியில் கிளம்பும் தண்ணீர் பைப்பிலேயே ஆறிவிடும்.

கையால் கழுவ 60 டிகிரி தேவையில்லை, கை தாங்காது. 50-க்கு வையுங்கள். கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, 10 லிட்டர் பக்கெட் நிறைய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்படி நிறுத்துங்கள். கீசரிலிருந்து சிங்க் வரை வெந்நீர் தாங்கும் சிபிவிசி பைப் போட்டு, மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். முக்கால் அங்குல பைப் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் 5 லிட்டர் தண்ணீர் ஆறிக் கிடக்கும்.

சிலிண்டரையும் பாருங்கள். இந்த அளவு கீசர் முழு வீச்சில் மணிக்கு இரண்டரை கிலோ கேஸ் எரிக்கும். ஒற்றை 19 கிலோ சிலிண்டரால் குளிரில் அவ்வளவு ஆவியைத் தொடர்ந்து தர முடியாது. சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து, வெள்ளையாகப் பனி படிந்தால் அதுதான் அடையாளம். தீயும் அப்போது சிறுத்துவிடும். மூன்று நான்கு சிலிண்டரை ஒரே மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களை இணைக்கும் பொதுக் குழாய்) சேர்த்து, அந்த அளவு கேஸ் விடும் ரெகுலேட்டரை ஏஜென்சி ஆளை வைத்தே போடுங்கள். சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தும் பழக்கம் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

கிருமி போக, கடைசி சிங்க்கில் 77 டிகிரி தண்ணீரில் 30 விநாடி முக்க வேண்டும். இந்தக் கீசரை நம்பி அதைச் செய்ய முடியாது. 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 4-5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) 20 மில்லி கலந்து, சோப்பு போக அலசிய பாத்திரத்தை ஒரு நிமிடம் ஊற விடுங்கள். வெந்நீரில் கலந்தால் குளோரின் பறந்துவிடும்.

கேள்வி: பாத்திரம் கழுவும் மெஷினுக்கு இதே கீசரை நேராக இணைக்கலாமா? எங்களுடையது போர் தண்ணீர்.
- கேட்டரிங் நடத்துபவர், சேலம்

பதில்: நேராக வேண்டாம். மெஷின் கடைசி அலசலுக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் தண்ணீர் இழுக்கும். கீசர் பற்றிச் சூடாவதற்குள் அதில் பாதி நேரம் போய்விடும். நடுவில் இன்சுலேஷன் உள்ள 100 லிட்டர் டேங்க் வைத்து, சின்ன பம்ப்பால் கீசர் வழியாகச் சுற்ற விட்டு 55-60 டிகிரியில் நிறுத்துங்கள். அலசலுக்கு வேண்டிய 82 டிகிரிக்கு மெஷினின் பூஸ்டர் ஹீட்டர் ஏற்றிக்கொள்ளும்.

போர் தண்ணீருக்கு, அதன் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கட்டாயம். சூடு ஏற ஏற உப்பு வேகமாகப் படியும். கீசருக்குள் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் அடைத்து, வரத்து மெலியும், கீசர் அடிக்கடி அணையும். 20 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து, கேஸை மூடிவிட்டு, சுருள் வழியாக முக்கால் மணி நேரம் பம்ப் செய்து, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் செம்பு ஓட்டையாகும்.

கேள்வி: கீசரைச் சமையலறைக்குள்ளேயே மாட்டலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கூடாது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தும் ஊரில் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு வாசனையே கிடையாது. வெளிச்சுவரில், மழை படாத கூரைக்கடியில், ஜன்னலுக்குத் தள்ளி மாட்டுங்கள். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்தி, பர்னரைச் சுத்தம் செய்த பிறகுதான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.