ஐந்தும் ஒரே சொல்லில்

கேள்வி: ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் இடம்பெறும் ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடுவது?

பதில்: வாலைப் பிடியுங்கள். நான் எப்போதும் ஈற்றை எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன். 'எஜுகேஷன்' முடியும் 'டி-ஐ-ஓ-என்' இரண்டு உயிர்களைத் தந்துவிடுகிறது. 'ஐ-ஓ-யு-எஸ்' இன்னும் தாராளம், மூன்று! முன்னால் ஏ, இ அமைந்தால் போதும். 'ஃபசீஷியஸ்' அப்படிப்பட்டது, விளையாட்டாகப் பேசுவதைக் குறிக்கும். 9 எழுத்துகளில் ஐந்து உயிர்களும் வரிசை மாறாமல் ஒவ்வொரு முறையே வருகின்றன. என்ன அழகு! கலிஃபோர்னியாவின் பெருமரமான 'சீக்வோயா'வுக்கு 7 எழுத்துகளே போதும். ஈறு தெரிந்தும் சொல் பிடிபடாவிட்டால், நட்சத்திரக் குறியை ஏற்கும் இணைய அகராதியில் குறியை முதலிலும் ஈற்றைப் பின்னாலும் இடுங்கள். அவ்வாறு முடியும் சொற்கள் வரிசையாக வரும்.