வார்டிலிருந்து ஐ.டி. தலைமைக்கு: சிஸ்டர் கோடிங் படிக்க வேண்டுமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. இன்சார்ஜாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங், 12 வருட அனுபவம். புது மென்பொருள் வந்தபோது எல்லா வார்டுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்றும் எதாவது சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஐ.டி. மேனேஜர் பதவிக்கு வெளியிலிருந்து பி.டெக். முடித்த ஒருவரை எடுத்தார்கள். அவருக்கும் மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்று நான்தான் விளக்கினேன். எனக்கு இந்தத் துறையில் மேலே போக ஆசை. கோடிங் படிக்கவா, எம்.பி.ஏ. சேரவா? இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: கோடிங் வேண்டாம். எம்.பி.ஏ.வும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்களுக்குத் தேவை ஓர் உத்தரவுக் கடிதம்.

நீங்கள் செய்துவருவது வேலை. மருத்துவமனையின் கணக்கிலோ அது உதவி. மென்பொருள் வரும்போது வார்டுக்கு ஒரு சுறுசுறுப்பான சிஸ்டரைப் பிடித்து ‘சூப்பர் யூசர்’ என்று பெயர் வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. டூட்டி ரோஸ்டரில் அதற்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டில் எதுவும் மாறாது. அப்புறம் பதவி ஒன்று உருவாகும்போது, கோப்பில் யார் பெயரோடு ‘ஐ.டி.’ என்று இருக்கிறதோ அவரைத்தான் நிர்வாகம் தேடும். உங்கள் கோப்பில் ஐ.சி.யூ. மட்டும்தான் இருக்கிறது.

அதனால் நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ‘கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் கோ-ஆர்டினேட்டர்’ (சிகிச்சைத் தகவல்களைக் கணினியில் கையாளும் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர்) போன்ற ஒரு பதவிப் பெயர், ரோஸ்டரில் வாரத்துக்கு இரண்டு முழு நாட்கள், நீங்கள் யாருக்குக் கீழே என்ற தெளிவு. மூன்றாவதுதான் முக்கியம். ஐ.டி. மேனேஜருக்குக் கீழே போனால் பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிற ஹெல்ப்டெஸ்க்கில் முடிந்துவிடுவீர்கள். மெடிக்கல் சூப்பரிண்டென்டண்டுக்கோ மெடிக்கல் டைரக்டருக்கோ நேராக அறிக்கை தரும் இடம் வேண்டும்.

‘நர்ஸுக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்பார்கள். அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1992-லேயே நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. இந்தியன் நர்சிங் கவுன்சிலும் பி.எஸ்சி. நர்சிங்கின் திருத்திய பாடத்திட்டத்தில் அதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் நிர்வாகக் கூட்டத்தில் இந்த வாதங்கள் பாதி தூரம்தான் போகும். மீதித் தூரத்துக்கு உங்கள் மருத்துவமனையின் எண்களே வேண்டும்.

டிஸ்சார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ‘இன்று போகலாம்’ என்கிறார். நோயாளி வாசலைத் தாண்ட மாலையாகிவிடுகிறது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இன்சூரன்ஸ்காரர்கள்தான் தாமதம் என்று பில்லிங் சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரியே வரவில்லை என்று இன்சூரன்ஸ் டெஸ்க் சொல்லும். மருந்து ரிட்டர்ன் வரவில்லை என்று ஃபார்மசி சொல்லும். உண்மை மென்பொருளுக்குள் நேரக் குறிப்புகளாகக் கிடக்கிறது: டிஸ்சார்ஜ் ஆர்டர் போட்ட நேரம், சம்மரியில் டாக்டர் கையெழுத்திட்ட நேரம், ஃபார்மசி கிளியரன்ஸ், இறுதி பில், கோப்பு டி.பி.ஏ.வுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடை நிறுவனம்) போன நேரம், அனுமதி வந்த நேரம். ஒரு மாதத்து டிஸ்சார்ஜ் எல்லாவற்றுக்கும் இவற்றை எக்செலில் இறக்கி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் தின்றது என்று பாருங்கள்.

கேஷ்லெஸ் நோயாளிகளுக்கு, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய பிறகுதான். நமக்குள்ளேயே நான்கு மணி நேரம் போயிருந்தால் காப்பீட்டு நிறுவனத்தைத் திட்டி என்ன பயன்? பல இடங்களில் தாமதத்தின் பெரும்பங்கு சம்மரி டைப் செய்து முடிவதற்குள்ளேயே போகிறது. உங்கள் இடத்தில் அது வேறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே சம்மரி வரைவைத் தொடங்குவது போன்ற ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அடுத்த மாதம் மறுபடி அளந்து பாருங்கள். காலியாகும் படுக்கை நிர்வாகத்துக்கு நேரடியாகப் புரியும் பணம். அந்த ஒரு பக்க அறிக்கையோடு போய்ப் பதவியைக் கேளுங்கள்.

பி.டெக். மேனேஜர் கண்ணில் படாதவை உங்கள் கண்ணில் படும். ஒரு சின்ன உதாரணம். தினமும் ஒரு முறை என்று மருந்து எழுதினால் சில மென்பொருள்கள் தானாகக் காலை 8 மணி என்று போட்டுக்கொள்ளும். நோயாளி அட்மிட் ஆனது காலை 9 மணி என்றால், முதல் டோஸ் மறுநாளுக்குப் போய்விடும். ஆன்டிபயாடிக் விஷயத்தில் இது விளையாட்டில்லை. எழுதிய புரோகிராமருக்கு இது பிழையாகவே தெரியாது. திரையைப் பார்த்ததும் ஐ.சி.யூ. சிஸ்டருக்கு உறைக்கும். இப்படிக் கண்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். மென்பொருள் விற்ற வெண்டரோடு நடக்கும் அடுத்த மீட்டிங்கில் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும், மேனேஜர் கையில் அல்ல.

இன்னொரு வேலையும் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்: சிஸ்டம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற திட்டம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் (கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும்) தாக்குதல் நடந்தபோது சுமார் இரண்டு வாரம் பதிவு, பரிசோதனை, பில் எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஆனால் மருந்து சார்ட்டின் காகிதப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது? மீண்டும் சிஸ்டம் வந்ததும் பின்தேதியிட்டு யார் ஏற்றுவது? இதற்குப் பதில் எழுதத் தகுதியானவர் வார்டை ஓட்டியவர்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். எஸ்.க்யூ.எல். மட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையிலிருந்து தகவலை எடுக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் வெண்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கியது. அதில் நோயாளிக்குத் தரும் 14 இலக்க ஆபா எண் எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம். மென்பொருள் நிறுவனங்கள் எம்-1, எம்-2, எம்-3 என்ற மைல்கற்களைத் தாண்ட வேண்டும். எம்-1 என்பது ஆபா எண்ணை உருவாக்குவதும் சரிபார்ப்பதும். எம்-2 முடிந்தால்தான் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி நோயாளியின் சம்மதத்தோடு வெளியே பகிரத் தயார். ‘எல்லாம் முடித்துவிட்டோம்’ என்று வெண்டர் சொன்னால் எது வரை என்று கேளுங்கள். அந்தத் தகவல் எஃப்.எச்.ஐ.ஆர். என்ற வடிவில்தான் பயணிக்கிறது. அதன் இந்திய வரையறைகளை மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக் வெளியிட்டிருக்கிறது, இலவசமாகப் படிக்கலாம்.

மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பான என்.ஏ.பி.எச். 2023-ல் மருத்துவமனைகளுக்கென்று டிஜிட்டல் சுகாதாரத் தரநிலைகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரே லாகினில் மொத்த ஷிஃப்டும் வேலை பார்ப்பது, லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எல்லாம் உங்கள் ஐ.சி.யூ.விலும் நடக்கிறது என்றே நினைக்கிறேன். அதை நிறுத்துவதற்கான நடைமுறையை எழுதுபவராகவும் நீங்கள் இருக்கலாம்.

எம்.பி.ஏ.வின் பயன் பிறகு வரும். பட்ஜெட்டும் ஆட்களும் உங்கள் பொறுப்பில் வந்த பின் படித்தால், வகுப்பில் சொல்வதை மறுநாளே செய்து பார்க்கலாம். வார்டிலிருந்து வெளியேறுவதற்கு மட்டும் அதைப் படித்தால், அனுபவமில்லாத புது எம்.பி.ஏ.க்களோடு போட்டி போடுவீர்கள்.

ஒரு வருடம் பார்த்தும் கடிதம் வரவில்லை என்றால் மருத்துவ மென்பொருள் நிறுவனங்கள் பக்கம் திரும்புங்கள். இம்ப்ளிமென்டேஷன் வேலைக்கு உங்களைப் போன்றவர்களை விரும்பி எடுப்பார்கள், ஆனால் வெளியூர்ப் பயணம் அதிகம். கோ-லைவ் நாட்களில், அதாவது மென்பொருள் முதன்முதலில் ஓடத் தொடங்கும் நாட்களில், இரவும் பகலும் அங்கேயே கிடக்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் புராடக்ட் பிரிவையோ பயிற்சிப் பிரிவையோ கேட்டுப் பாருங்கள். பயணம் எத்தனை நாள் என்பதை நேர்காணலிலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். டாக்டர்கள் இருக்கும் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு எடை தருவது அதுதான். கிளம்பும்போது வாங்கும் அனுபவச் சான்றிதழில் ‘ஐ.சி.யூ. இன்சார்ஜ்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மென்பொருளை எத்தனை வார்டில் கொண்டுவந்தீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முடிவதற்குள், வரைவை நீங்களே டைப் செய்து எச்.ஆர். கையில் கொடுத்துவிடுங்கள்.